பழைய பிராசசரும் பாலக்காட்டு வெயிலும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போனதைத் தொடப் பயமே கிடையாது. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடத்தான் பயம். கெட்டுப்போனது இன்னும் எவ்வளவுதான் கெட்டுவிடும்? ஆனால் "நல்லாத்தான் ஓடுது, கொஞ்சம் வேகம் மட்டும் கூட்டிக் குடுங்க" என்று ஒருவர் மேசைமேல் கொண்டுவந்து வைப்பார் பாருங்கள், அப்போதுதான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்க மனசு வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் தேயிலை மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் தொழில் கற்றவள். கணவருக்குப் பாலக்காட்டு முதலமடைப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சின்னதாகக் கடை போட்டேன். பழைய பிராசசர்களை அளவுக்கு மேல் முடுக்கிவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

திரை வரவில்லை

வண்டிப்பெரியாரில் தாமஸ் சேட்டன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட் சபையில் பாடகர் குழுவை நடத்தும் தேவசகாயம் அண்ணாச்சி தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழு பாடியதைப் பதிவு செய்து ஒன்றாகச் சேர்ப்பதற்குள் அது அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறதாம். புதிதாக வாங்க இப்போது வழியில்லை, இருப்பதையே வேகமாக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்று நான் படித்து வைத்திருந்தேன். பிராசசர் உட்கார்ந்திருக்கும் அந்த மாதிரிப் பழைய போர்டுகளில் இருநூறு என்று ஓர் எண் இருக்கும். அதன் மடங்கில்தான் பிராசசர் ஓடும். எண்ணைக் கூட்டினால் வேகம் கூடும். விலை கூடிய போர்டு என்றால் அதற்குத் தகுந்தபடி மின்சாரத்தையும் கூட்டிக் கொடுக்கலாம், சூட்டை இழுக்கத் தகடும் வைத்திருப்பார்கள். இது அடிமட்ட போர்டு, அந்த எண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. நான் எடுத்த எடுப்பில் இருநூற்று எழுபது போட்டேன். அணைந்து எழுந்தது. ஃபேன் சுற்றியது. திரை வரவில்லை. நாலு தடவை அணைத்துப் போட்டேன், வரவில்லை. அண்ணாச்சியின் இரண்டு வருடப் பாட்டும் அதற்குள் இருந்தது.

சாப்பிடப் போயிருந்த சேட்டன் வந்து பார்த்தார். போர்டு அந்த எண்களை மறக்காமலிருக்க வைத்திருக்கும் வட்ட பேட்டரி செல்லைக் கழற்றிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப மாட்டினார். எண்கள் எல்லாம் பழையபடி ஆகித் திரை வந்தது. பாட்டுகளும் அப்படியே இருந்தன. என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். "மெஷின் சரியாயி மோளே, இனி உன்னைச் சரியாக்கணும், போய் ஒரு சாயா குடி" என்றார்.

அண்ணாச்சியின் ஆமென்

பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டினேன். இருநூற்று நாற்பதில் கம்ப்யூட்டர் நிலையாக நின்றது. ஐந்தில் ஒரு பங்கு வேகம் அதிகம். நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. கடைக்கு வெளியே மழையும் மூடுபனியும். உள்ளே எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். அந்தக் குளிருக்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முழுக்க என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி வந்தார். ஏதோ கோளாறு சொல்லப்போகிறார் என்று மனசு திக்கென்றது. அவர் சொன்னது இதுதான்: "முன்னெல்லாம் ஒரு பாட்டு சேவ் ஆகுறதுக்குள்ள முழு ஜெபமும் பண்ணி முடிச்சிருவேம்மா, இப்ப நான் ஆமெனுக்கு வர்றதுக்குள்ள அது முந்திக்குது."

காலை ஒன்பது மணிச் சோதனை

முதலமடையில் கடை திறந்து ஆறு மாதம். வெளியூர்க்காரி, அதிலும் பொம்பளை, ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு "அவர் இல்லீங்களா?" என்று கேட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். என்னை நம்பி முதலில் வந்தவர் கந்தசாமி அண்ணன். எதிர்ச் சாரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், கல்யாண வீடியோ எடுப்பார். அவருடைய கம்ப்யூட்டரும் பழசு, போர்டும் அதே அடிமட்டம். முகூர்த்த மாதம் வருகிறது, வேகம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு அண்ணாச்சியின் ஆமென் ஞாபகம் வந்தது. இருநூற்று நாற்பது வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை ஓடவிட்டுச் சோதித்தேன். நன்றாக ஓடியது. சூடாகாதா என்று கேட்டார், ஆகாது என்றேன். ஒரு நாள் வைத்திருந்து பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் பெரிய வேலை, கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அவர், "நீங்க சொன்னாச் செரிதானுங்க அம்மிணி" என்றார்.

மத்தியான போன்

பங்குனி பிறந்ததும் இங்கே காற்றே அனலாக வீசும். மாங்காய் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தார். கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுகிறதாம். ஓடினேன். தகரக் கூரைக்குக் கீழே ஸ்டுடியோ கொதித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் கறுப்புச் சில்லுகளின்மேல் விரல் வைத்தேன். சுருக்கென்று சுட்டது, விரல் சிவந்துவிட்டது.

அப்போதே பழைய இருநூறுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அந்த வேகம் பழகிவிட்டது, வரிசையாகக் கல்யாணங்கள் நிற்கின்றன, கொஞ்சமாவது விட்டுவையுங்கள் என்றார். நானும் தவறு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், இருநூற்று இருபது வைத்து, திறந்த பக்கத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனை வைத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை போன் அடித்தாலே அண்ணன்தான் என்று ஓடுவேன். ஒருநாள் அடித்தது என் கணவர். வெண்டைக்காய் வாங்கவா என்று கேட்டதற்கு நான் "ஃபேன் ஓடுதா?" என்றேன். அவர், "வெண்டைக்காய்க்கு எதுக்கு ஃபேன்?" என்றார்.

பச்சைக் கட்டங்கள்

பக்கத்து ஊரான பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஆறுச்சாமி அவர்களின் மகள் கல்யாணத்துக்குக் கந்தசாமி அண்ணன்தான் வீடியோ. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆறுச்சாமிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாணம் நிற்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், அவருடைய தம்பி முன்னால் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். இப்போது ஆறுச்சாமி வீடு திரும்பி, மகள் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

கந்தசாமி அண்ணன் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையின் கைகள்மேல் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். கெட்டிமேளம் விக்கி விக்கி வந்தது. கேமராவில் கோளாறோ என்று கேட்டார். எந்த நேரத்தில் கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டேன். மத்தியானம், அப்போது கரண்ட் போயிருந்தது, யூ.பி.எஸ்ஸில் ஏற்றிவிட்டேன் என்றார். எனக்கு விளங்கிவிட்டது. யூ.பி.எஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடியிருக்கிறது, சுவரில் சொருகிய டேபிள் ஃபேன் நின்றுபோயிருக்கிறது. சூட்டில் தடுமாறிய கம்ப்யூட்டர் ஏற்றும்போதே படம் முழுவதையும் கெடுத்துவிட்டது. கார்டையும் அவர் அழித்துவிட்டு, ஒரு காதுகுத்துக்குக் கொண்டுபோய் வந்திருந்தார்.

கேமராமேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம், அவர் நம்பியிருப்பார். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். கடையை மூட வேண்டிவரும், ஊரில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் ஓடியது. ஆனால் அவர் அந்தக் கேமராவைத் துணியால் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. நான் வைத்த வேகம்தான் காரணம், முதல் தடவை போன் வந்தபோதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் கேமராவை மேசையில் வைத்தார். "கேட்டது நானுங்க அம்மிணி," என்றார், "ஆகாதுன்னு சொல்லியிருக்க வேண்டியது நீங்க."

அறுபத்தேழு

அழித்த கார்டிலிருந்து படத்தை மீட்க வழி உண்டு, அதன்மேல் புதிதாக எழுதாதவரை. ஆனால் காதுகுத்து அதன்மேல் ஏறியிருந்தது. கார்டை என் கடைக்குக் கொண்டுவந்தேன். என் சொந்தக் கம்ப்யூட்டரை நான் என்றைக்குமே முடுக்கியதில்லை. தெரிந்திருந்தும் மூன்று தடவை உள்ளே போய் அந்த எண் இருநூறுதானா என்று பார்த்தேன்.

நூற்றுக்கு எத்தனை முடிந்தது என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தேழில் வந்து நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அப்படியே நின்றது. நாற்காலியை விட்டு எழுந்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அப்படி உட்கார்ந்திருப்பீர்கள், தெரியும். பிறகு அறுபத்தெட்டு என்று மாறியது. முடிந்தபோது, மாப்பிள்ளை அழைப்பும் சீர் கொண்டுவந்ததும் போய்விட்டிருந்தன, அந்த இடத்தில் ஒரு குழந்தை காது குத்தி அழுதுகொண்டிருந்தது. தாரை வார்த்ததிலிருந்து தாலி கட்டு வரை முழுசாகக் கிடைத்தது. கந்தசாமி அண்ணன் என் பின்னால் நின்று கடைசி வரை பார்த்தார். "கெட்டிமேளம் விக்காம வருதுங்க" என்றார்.

பெருமாட்டியில்

மற்ற வேலையெல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே முடித்து, நானும் அவரோடு பெருமாட்டிக்குப் போனேன். போக வேண்டியதில்லை என்று அண்ணன் சொன்னார். தொலைந்த பகுதிக்கு யார் காரணம் என்று அவர் வாயால் சொல்ல வைப்பது சரியில்லை என்று பட்டது. ஆறுச்சாமி சாய்வு நாற்காலியில் இருந்தார், மெலிந்துபோயிருந்தார். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்: ஆரம்பம் கொஞ்சம் இல்லை, என் தப்பு. அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். டி.வி.யில் போட்டோம்.

அவர் இமைக்காமல் பார்த்தார். தம்பி தாரை வார்க்கும் இடம் வந்தபோது ஆறுச்சாமியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கே மறுபடி அவருக்கு நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று நான் படத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார், மறுபடியும் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தம்பி என்னோட பட்டு வேட்டியையில்லீங்க கட்டீருக்கறான்" என்றார்.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

கந்தசாமி அண்ணனின் கம்ப்யூட்டர் இப்போது இருநூறில்தான் ஓடுகிறது. அவரே வேறு ஆட்களையும் அனுப்புகிறார். போன வாரம் ஆன்லைனில் தையல் வகுப்பு நடத்தும் செல்வி என்ற பெண் வந்தார். பழைய கம்ப்யூட்டர், முடுக்கித் தர வேண்டுமாம். முடியாது என்றேன். புழுதியைத் துடைத்து, பிராசசருக்குச் சூட்டை இறக்கும் புது பேஸ்ட் வைத்து, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் போதும் என்றேன். அப்படியானால் கொஞ்சமாவது முடுக்குங்கள் என்றார், அதுவும் வேண்டாம் என்றேன். அவர் வாசலுக்குப் போய் என் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார். "வெளிய வேகமாக்கித் தரப்படும்னு எழுதி வெச்சிருக்கறீங்க, உள்ள வந்தா எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாங்கறீங்க" என்றார்.

பழைய கம்ப்யூட்டரை வேகமாக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் வேகமாக்கிவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு முழுக் கோடைகாலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் இதுவரை கற்ற தொழில்.