மார்பு முப்பத்தாறு, வயிறு முப்பத்தெட்டரை

உங்கள் வயிற்றைச் சுற்றி ஒருத்தி டேப் வைத்து அளந்துவிட்டு, ரவிக்கையும் தைக்காமல் சட்டையும் வெட்டாமல், "சரி, நீங்க போகலாம்" என்று சொன்னால் நீங்கள் பேசாமல் வந்துவிடுவீர்களா? மாட்டீர்கள். அதனால்தான் நான் பார்த்த வேலையில் என்னை யாரும் நல்ல கண்ணோடு பார்த்ததில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு டாக்டர். இன்சூரன்ஸ் எடுக்க வருகிறவர்களைச் சோதித்துக் கம்பெனிக்கு எழுதி அனுப்புவதும் அவருக்கு ஒரு வேலை. பெண்களை அளக்க ஒரு பெண் வேண்டுமென்று, குழந்தைக்கு மருந்து வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார். குடியாத்தம் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். இஞ்சும் தெரியும், கால் இஞ்சும் தெரியும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நின்றதில் ஆண்களும் கூச்சப்படவில்லை, அவர்களையும் நானே அளந்தேன். மூச்சை விட்டு மார்பு, மூச்சை இழுத்து மார்பு, தொப்புளுக்கு நேராக வயிறு. இந்த மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும், முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. டேப் பிடித்தவர்களுக்கும் தராசு பிடித்தவர்களுக்கும் இந்தக் கஷ்டம் புரியும். எனக்கு, கட்டின புருஷன் உயிர் மேலேயே அந்த டேப்பினால் பயம் பிடித்துக்கொண்டதே, அது எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று தெரியவில்லை.

பெட்டிக்கு அளவு

சர்ச் காம்பவுண்டில் வேலை செய்கிற தச்சர் ஒருவர் வந்தார். பெயர் அருளப்பன். மார்பை அளக்கும்வரை மரியாதையாக நின்றார். டேப் வயிற்றுக்கு இறங்கியதும் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டார், கம்பெனிக்கு என்றேன். கம்பெனிக்கு என் வயிறு எதற்கு என்றார். எனக்கே அப்போது பதில் தெரியாது.

கடைசியில் அளக்க விட்டார். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சவப்பெட்டி செய்யறவன் நான். செத்தவனுக்கே நீளமும் தோளும்தான் அளப்போம். உசிரோட இருக்கறவன் வயித்தை அளக்கறீங்கன்னா, நீங்க வேற ஏதோ திட்டத்துல இருக்கீங்க."

எத்தனை பிள்ளைங்க?

ஆட்களைக் கூட்டிவரும் ஏஜெண்ட் வாசலிலேயே அவர்களுக்குப் பாடம் நடத்துவார். உள்ளே போனதும் வயிற்றை எக்கிக்கொள், டேப்பை எடுக்கும்வரை விடாதே. வருகிறவர்களும் தூணை விழுங்கியவர்கள் போல விறைத்து நிற்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும். இப்படி நின்றால் எந்த அளவை நான் நம்புவது?

ஒருநாள் அப்படி நின்ற ஒரு மண்டிக்காரரிடம் பேச்சுவாக்கில், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "நாலு" என்று வாயைத் திறந்தார், வயிறு முழுதாக என் கைக்கு வந்து விழுந்தது. அன்றிலிருந்து எல்லாரிடமும் அதே கேள்விதான். எக்கின வயிற்றோடு பிள்ளைகளை எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. பிள்ளையில்லாதவர்களிடம் ஊர் பெயரைக் கேட்பேன். விஷயம் ஏஜெண்டுக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் என் மகளுக்கு பிஸ்கட் பொட்டலம் வாங்கிவந்து மேஜையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைக் கணக்கு உனக்கெதுக்கு? வாயை மூடிக்கிட்டு அளந்தா எல்லாருக்கும் நல்லது."

சந்தேகப்படுகிற டேப்

பிறகுதான் டாக்டரிடம் தைரியமாகக் கேட்டேன். வயிற்றை எதற்கு அளக்கிறோம்? அவர் நிதானமாகச் சொன்னார். மார்பை விட வயிறு பெருத்தவர்களில் நெஞ்சு நோயில் போகிறவர்கள் அதிகம் என்று கம்பெனிக்காரர்கள் பார்த்து வைத்திருக்கிறார்களாம். எல்லாருக்கும் வந்துவிடாது. ஆனால் அப்படிப்பட்டவரை இரண்டாவது தடவை பார்க்காமல் விடக் கூடாது. கையும் காலும் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்றார்.

கேட்காமலே இருந்திருக்கலாம். அன்று முதல் என் கண் கெட்டுப்போயிற்று. பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்தவர், கோயிலில் மணி அடிக்கிறவர், ஒருவர் முகமும் என் கண்ணில் படவில்லை, வயிறுதான் பட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நூல் மில்லில் மேஸ்திரி ஆகி நாற்காலி கிடைத்ததிலிருந்து பெல்ட்டில் புதுத் துளை போட்டுப் போட்டு, இனி துளை போட இடமில்லை. கையும் காலும் அதே பழைய குச்சிதான். மில்லிலிருந்து வீட்டுக்கு ஏறிவரும் மேட்டில் நடுவே நின்று, பீடி பற்ற வைப்பது போல மூச்சு வாங்குவார். அதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன், பீடிக்குத்தான் நிற்கிறார் என்று நம்பியும் இருக்கிறேன். மறுநாள் டாக்டரிடம், டேப்பை நம்பலாமா என்று திரும்பவும் கேட்டேன். அவர் சொன்னார்: "டேப்புக்கு சந்தேகப்படத்தாம்மா தெரியும். முடிவு சொல்ல ஆளைக் கூட்டிட்டு வரணும்."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

கூப்பிட்டால் வருகிற ஆள் இல்லை அவர். எனக்கென்ன குறை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார். சரி, அளவையாவது தெரிந்துகொள்வோம் என்று, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு அவர் மல்லாந்து தூங்கும்போது டேப்பை முதுகுக்கு அடியில் மெதுவாக நுழைத்தேன். பாதிதான் போயிற்று. அதற்குள் என் மூன்று வயது மகள், அம்மா அப்பாவைக் கட்டிப் போடுகிறாள் என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் கத்தினாள்.

அவர் கண் விழித்தார். டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கனகா ஏற்கெனவே தெருக் குழாயடியில் ஒன்று சொல்லி வைத்திருந்தாள்: இன்சூரன்ஸ் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண்கள் முதலில் புருஷன் பேரில்தான் பாலிசி எடுப்பார்களாம். அது இவர் காதுக்கும் வந்திருக்கிறது. கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நேராச் சொல்லு மரகதம், என் பேர்ல எவ்வளவுக்குப் போட்டிருக்கே?"

தானாக வந்தவர்

நான் சத்தியம் செய்ததை அவர் நம்பவில்லை. அதுவே நல்லதாயிற்று. அடுத்த வாரம் மில் ஷிப்டு முடிந்து நேராக கிளினிக்குக்கே வந்துவிட்டார், தன் பேரில் பாலிசி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் விசாரிக்க. டாக்டர் இல்லை என்றார். வந்ததுதான் வந்தீர்கள், சட்டையைக் கழற்றுங்கள் என்றார்.

நான் டேப்போடு போனேன். வாசலில் ஏஜெண்ட் பாடம் நடத்தியிருக்க வேண்டும், மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "ஒண்ணுதான், உனக்குத் தெரியாதா?" என்றார். வயிறு இறங்கிவிட்டது. மார்பு முப்பத்தாறு. வயிறு முப்பத்தெட்டரை. உரக்கச் சொல்ல வேண்டியவள் டேப்பை டாக்டர் பக்கம் திருப்பிக் காட்டினேன், அவரே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அவ்வளவு நேரம் வேறு யாருக்கும் வைத்து நான் பார்த்ததில்லை. கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

இதயம் இப்போதைக்குச் சரியாகத்தான் ஓடுகிறது, பிரஷர் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் நான் பொறுப்பில்லை என்றார். பீடி கூடாது, சோறு பாதி, உப்பு குறைய வேண்டும், தினமும் விடிந்ததும் நடக்க வேண்டும். எங்க வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்: "சோத்தைப் பாதியாக்கணும்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

சும்மா நடப்பவர்

என் கண்ணீரைப் பார்த்து நடக்க ஒத்துக்கொண்டார். பீடியை நானே அடுப்பில் போட்டேன். நடைதான் கஷ்டமாகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஸ்ரீராம்புரத்தில் காரியமில்லாமல் யார் நடப்பார்கள்? முதல் நாளே கான்ஸ்டபிள் நிறுத்தி, "எல்லிகெ ஹோக்தீயா?" என்று கன்னடத்தில் மிரட்டினாராம். எங்கேயும் போகவில்லை, சும்மா நடக்கிறேன் என்று இவர் சொன்னதும் சந்தேகம் இன்னும் பெருத்துவிட்டது. மில் ஆட்கள், வேறு மில்லில் வேலை தேடுகிறாயா என்று கேட்டார்கள். கனகா என்னிடமே வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா, காலையிலேயே எழுந்து போய்விடுகிறாரே என்று துக்கம் விசாரித்தாள்.

ஒருநாள் காலையில் அவர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து நெஞ்சைப் பணயம் வைக்கிறாரே என்று எனக்குக் கவலை. சொன்னால் அதற்கும் ஒரு சந்தேகம் வரும். மூன்றாம் நாள் விடியற்காலை நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டை போட்டிருந்தார், செருப்பும் போட்டிருந்தார்.

உயிருக்காக நடக்கிறேன் என்றால் நம்பாத ஊர், கத்திரிக்காய்க்காக நடக்கிறேன் என்றால் வழிவிடும் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்: "மரகதம், ஒரு காலிப் பை இருந்தா எடுத்துக் குடு."