தோளில் ஏறிய வீடு

மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கிய மூன்றாம் வருடம் பாகான் டாலாமில் மரவீடு கட்டினோம். அக்கரை ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிய வேண்டுமென்று கடலோரமாக இடம் காட்டியது நான்தான். தமிழ் தெரிந்த மலாய்த் தச்சர் அந்த இடம் வேண்டாமென்றார், நான் கேட்கவில்லை. அவரோ ஒன்பது மரத்தூண்களையும் வெறும் கருங்கற்கள் மேல் நிறுத்தினார்.

“இப்படி வச்சா வீடு நிக்குமா அண்ணே? ஆழமாத் தோண்டிப் புதைங்கலா!” என்று கத்தினேன். அவர் சிரித்தார்.

குடியேறிய முதல் பௌர்ணமியன்று கடல் ஏறி, அடுப்படிக்குக் கீழே அலையடித்தது. அழுதுகொண்டே தச்சரிடம் ஓடினேன்.

மறுநாள் மேட்டில் ஒன்பது கற்களைப் பதித்துவிட்டு, அக்கம்பக்கத்து ஆண்களையெல்லாம் கூட்டி வந்தார். தூண்களில் மூங்கில்களைக் கட்டித் தோள் கொடுத்தார்கள். “சாத்து, டுவா, தீகா!” என்று மலாயில் மூன்று எண்ணியதும் வீடு எழுந்தது! அத்தாப்பு ஓலைக் கூரையோடு, சுவரோடு, நான் கழற்ற மறந்த தூளியோடு என் வீடு நடந்து போனது! தூளி ஆட ஆட, நான் கூச்சலிட்டுக்கொண்டே கூட ஓடினேன்.

கடைசித் தூண் கல்லில் உட்கார்ந்ததும் தச்சர் வியர்வையைத் துடைத்தார்.

“என்னா தங்கச்சி, இப்பத் தோண்டிப் புதைச்சிரலாமா?”

இப்போதெல்லாம் யார் வீடு கட்டினாலும் போகிறேன். வாயைத் திறக்காமல் கல் எடுத்துக் கொடுக்கிறேன்.