பாம்பு இருந்த விரதம்

எங்கள் வீட்டில் மாலை போட்டுக்கொண்டவர் என் கணவர். விரதம் இருந்தது பாம்பு.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நானே இதை நாலு பேர் நடுவில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கடைசிப் பகுதியைக் கமுக்கமாக விட்டுவிடுவேன். இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கணவரின் வேலைக்காகக் கலிபோர்னியாவிலிருந்து நியூ ஜெர்சிக்கு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு டவுன்ஹவுஸுக்கு வந்தோம். தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று ஒன்பது வயது மகள் அழுதாள். அங்கே போனதும் நீ கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்தார். நாய் கேட்பாள் என்று நினைத்திருப்பார். அவள் பாம்பு கேட்டாள். கொடுத்த வாக்கு என்பதால் அவரால் பின்வாங்க முடியவில்லை.

ஆரஞ்சு நிறத்தில் பென்சில் கனம் இருந்தது. விஷம் கிடையாது. எனக்குப் பயமும் கிடையாது. நான் கோயம்புத்தூரில் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவள். என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்பதால் படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாம்பு வந்த பிறகுதான் வீட்டில் என்னிடம் யாராவது ஏதாவது சந்தேகம் கேட்டார்கள்.

அதற்குச் சாப்பாடு போடுவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. வாரம் ஒரு குட்டி எலி. கடையில் உறைய வைத்துப் பாக்கெட்டில் விற்பார்கள். வெந்நீரில் போட்டு, உள்வரை சூடு ஏறியதும் இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். அது வசிக்கும் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் போடாதீர்கள், கை உள்ளே வந்தாலே சாப்பாடு என்று நினைத்துக் கடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு ஷூ பெட்டிதான் சாப்பாட்டு அறை. தலைப் பக்கமாக விழுங்கினால் நல்லது, வால் பக்கமாகப் பிடித்தால் சிக்கிக்கொள்ளும். மகள் தரையில் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். எலி பாக்கெட் எங்கள் ஃப்ரீசரில், துருவிய தேங்காய்க்குப் பின்னால் இருந்தது. வீட்டில் நாங்கள் சைவம். வெளியே போனால் அவர் சிக்கனை ஒரு கை பார்ப்பார், அது வேறு விஷயம்.

அந்தக் கார்த்திகையில் கிரீன் கார்டுக்காக அவர் ஐயப்பனுக்கு வேண்டிக்கொண்டு மாலை போட்டார். நாற்பத்தெட்டு நாள். அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும். துண்டை எடுங்க சாமி, ஃபோன் வந்திருக்கு சாமி. மாலை போட்ட அன்று காலையிலேயே ஃப்ரீசரைத் திறந்தவர் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார்.

“இத வெளிய போடு. நாப்பத்தெட்டு நாளைக்கு இந்த வீட்ல பொணம் இருக்கக் கூடாது.”

“அப்ப அது என்னங்க சாப்பிடும்?”

“பாம்புதானே? மாசக் கணக்குல பட்டினி கெடக்கும்னு நீதான் சொன்ன. அதுவும் விரதம் இருக்கட்டும். கராஜ்ல வை.”

வளர்ந்த பாம்பு கிடக்கும், இது குட்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாமியிடம் எதிர்த்துப் பேசக் கூடாதாம். மாதத்தில் அந்த நாட்கள் வந்தபோது நானும் அவர் கண்ணில் படாமல் பேஸ்மென்ட்டில்தான் கிடந்தேன். ஆக, பாம்பும் நானும் ஒரே கட்சி.

பாக்கெட்டைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. ஒரு தெர்மகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதில் வைத்து, என் காரின் டிரங்கில் ஒளித்தேன். வெளியே உறைகிற குளிர். மகள் எண்ணிப் பார்த்தாள். ஆறு எலிகள் இருந்தன.

கார் வீடு இல்லையே என்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். சனிக்கிழமை பிற்பகல் அவர் பஜனைக்குப் போனதும் பாம்பைத் தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு லைப்ரரி பார்க்கிங் லாட்டுக்குப் போனோம். காபி ஃபிளாஸ்கில் வெந்நீர். ஹீட்டரை முழுதாக வைத்து, பின் சீட்டில் ஷூ பெட்டி. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அது தலைப் பக்கமாகப் பிடித்து விழுங்கியதும் அவள் என் தோளைக் கட்டிக்கொண்டாள். திரும்பும்போது, விழுங்கியதைக் கக்கிவிடும் என்று, சின்னக் குலுக்கலுக்கும் “ஸ்லோ, அம்மா, ஸ்லோ” என்றாள். அந்த இரண்டு சனிக்கிழமைகள் போல நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்த நாள் அமெரிக்காவில் வேறு இல்லை. இரண்டே வாரம்.

மூன்றாவது வாரம் அவர் அலுவலகத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து தன் பெயர்தான் என்று அவருக்குப் பயம். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“வீட்ல ஏதோ சுத்தமில்ல. யாரோ விரதத்தைக் கெடுக்கறீங்க.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொன்னார். வேலை போனால் விசா போகும், மூவரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். ஒரு எலியால் கிரீன் கார்டு போய்விடுமா? போகாது என்று படித்த புத்தி சொன்னது. போய்விட்டால் அது உன்னால்தான் என்று காலம் முழுக்கக் குத்திக்காட்டுவார்கள் என்று இன்னொன்று சொன்னது. இரண்டாவதைக் கேட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் அழுவாள், அப்பாவிடம் போய்ச் சண்டை போடுவாள் என்று பயந்து பொய் சொன்னேன்.

“சனிக்கிழமை இனிமே நம்ம வீட்டுக்கு ஆள் வருவாங்கடா. நீ ஸ்கூல்ல இருக்கறப்ப நானே கார்ல வச்சுப் போட்டுடறேன்.”

வாரா வாரம் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்பாள்: “ஹெட் ஃபர்ஸ்ட்டா, அம்மா?”

“ஆமாடா, தலைப் பக்கமாத்தான்.”

நாலு வாரம் இப்படிச் சொன்னேன். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது என்ற விதியைக் குளிரைச் சாக்கு வைத்து ஒரு வாரமாக நீட்டியதும் எனக்குத் தோதாகப் போயிற்று. அவள் எடுக்கவில்லை. அது இளைத்ததைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்த்தேன். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள்தான், இன்னும் எட்டு நாள்தான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பொய் சொன்ன நாலாவது வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் படி பூஜை. பதினெட்டுப் படி அலங்காரம், ஐம்பது பேர், செருப்பெல்லாம் கராஜில். செருப்புக் கழற்றப் போன ஒரு ஆன்ட்டி தொட்டியைப் பார்த்துவிட்டு அலறுவாள் என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மாலை போட்ட வீட்டுக்கு நாகராஜாவே வந்திருக்கார்! இத வெளிய சொல்லவே இல்லையே நீங்க?”

அவ்வளவுதான், கூட்டம் கராஜுக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். மேலே பூ போட்டார்கள். யாரோ அபிஷேகத்துக்கு வைத்திருந்த பாலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து ஊற்றினார்கள். என் கணவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை மாதமாகத் தீண்டத்தகாததாகக் கிடந்தது ஒரு நிமிடத்தில் குலதெய்வம் ஆகிவிட்டது. கும்பிட ஐம்பது பேர், ஒரு எலி போட ஆள் இல்லை.

பாம்பு பால் குடிக்காது என்று அந்தக் கூட்டத்தில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவள் நான் ஒருத்தி. மகள் கூட்டத்துக்குள் முண்டியடித்து வந்து, “அம்மா, டெல் தெம்” என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டேன்.

கூட்டம் போன பிறகு அவளே உட்கார்ந்து தொட்டியில் பரப்பியிருந்த, பாலில் நனைந்த மரத்தூளை அள்ளிக் கொட்டினாள். கராஜ் குளிரில் ஈரம் அதற்குள் பாம்பின் உடம்பில் இறங்கிவிட்டது. பட்டினி கிடந்த உடம்பு எதைத் தாங்கும்? வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. டாக்டரிடம் கொண்டு போகலாம் என்று அவள் கெஞ்சினாள். இருமுடி கட்டு முடியட்டும் என்றார் அவர். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தொட்டிக்குள் கை விட்டாள். அது அசையவில்லை.

அழுதாள். பிறகு புதைக்க வேண்டும் என்றாள். ஷூ பெட்டி வேண்டாம், அது சாப்பாட்டுப் பெட்டி என்றாள். டிரங்கில் இருக்கும் தெர்மகோல் பெட்டி இப்போது காலிதானே என்று சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். நான் எழுந்து போய்த் தடுப்பதற்குள் டிரங்கைத் திறந்துவிட்டாள்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“ஃபோர், அம்மா,” என்றாள். “ஸ்டில் ஃபோர்.”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுதிருப்பேன். அவள் மூடியை அழுத்தி மூடி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். பாம்பை அன்று நான்தான் புதைத்தேன். மண் இறுகிக் கிடந்தது.

வேலை போகவில்லை. மறு வருடம் கிரீன் கார்டும் வந்தது. படி பூஜை அன்று பால் குடித்து மோட்சம் அடைந்த பாம்பு என்று அவர் இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வார். அவரிடம் மகளுக்குக் கோபம்கூட இல்லை, அவர் அவளிடம் பொய் சொல்லவில்லையே.

புதைத்த மறுநாள் காலை லஞ்ச் பாக்ஸை நீட்டி, “உனக்குப் பிடிச்ச லெமன் சாதம் வச்சிருக்கேன்டா” என்றேன். அவள் வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு மூடி, தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். ஹைஸ்கூல் முடிக்கும்வரை தினமும் நான்தான் லஞ்ச் கட்டினேன். ஒரு நாள்கூட அவள் திறந்து பார்க்காமல் எடுத்துப் போனதில்லை.