பதிலுக்கு ஓர் ஆள்

எனக்கு இந்தி தெரியும் என்பது என் அப்பா செய்த முதலீடு. ஊரே இந்திப் பலகைகளில் தார் பூசிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு மத்திய அரசில் வேலை கிடைக்குமென்று நம்பி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த இந்தி வகுப்புக்கு என்னை அனுப்பினார். வரிசையாகப் பரீட்சைகள் தேறினேன். கிடைத்தது மாநிலத் தொழிலாளர் துறையில் குமாஸ்தா வேலை. எண்பதுகளின் கடைசியில் திருநீர்மலைப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களில் வடக்கத்தி ஆட்கள் வந்து இறங்கும்வரை, கல்யாணத்தில் வந்த வெள்ளிக் கூஜா மாதிரி அந்த இந்தி என்னிடம் சும்மா கிடந்தது.

அதன்பிறகு எங்கள் ஆய்வாளர் என்னைத் தன் மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆய்வுக்குப் போக ஆரம்பித்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நல்ல மனிதர். மேடு வந்தால் நான் இறங்கித் தள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளனின் கடமைகளில் அதைத்தான் நான் திருத்தமாகச் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஒரு டீச்சர் ஆபீசுக்கு வந்தார். மிஷன் பள்ளியில் வேலை; வீடு ஒரு கிரஷரை ஒட்டி. கணவர் விமானப்படையில் இருந்தவர் என்பதால் டீச்சருக்குப் பேசுகிற இந்தி தெரியும். என்னுடையது சான்றிதழோடு சரி. அந்தக் கிரஷரில் நேபாளத்து ஆள் ஒருவர் இருமி இருமி நிற்க முடியாமல் ஆகிவிட்டார், ஊருக்குப் போக வேண்டும் என்கிறார், மேஸ்திரி விட மாட்டேன் என்கிறார் என்று சொன்னார். அங்கே வழக்கம் அப்படி. பதிலுக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஒருவன் போகலாம். இவருக்கு இருக்கிற ஒரே பதில் ஆள், ஊரில் இருக்கும் தம்பி.

"தம்பியை வரவெச்சா போயிடலாம் சார். ஆனா அவனையும் இதுல எறக்க மாட்டேன்னு இவரே சொல்றார். நீங்க வந்து சொன்னா விட்டுடுவாங்க இல்ல?"

ஆய்வாளர் நாளைக்கே வருகிறேன் என்றார்.

போகிற வழியில், மொபெட் சத்தத்துக்கு மேல் கத்தி எனக்குப் பாடம் நடத்தினார். எங்கள் கையிலிருந்த சட்டம் வெளி மாநிலத்திலிருந்து கூட்டி வரப்பட்டவர்களுக்கானது. வெளிநாடு அதில் இல்லை. "நேபாளம்னு சொல்லிட்டான்னா நம்ம கையில ஒண்ணும் இல்லய்யா. உ.பி.ல இருக்கற கோரக்பூர்னு சொன்னான்னு வை, அனுப்பி வைன்னு இன்னிக்கே உத்தரவு போட்டுடலாம். அந்த மாதிரி கேளு."

நாங்கள் போனபோது இயந்திரம் நின்றிருந்தது. சொல்லாமல் போகும் ஆய்வுதான். ஆனால் செய்தி எப்போதும் மொபெட்டை முந்திவிடும். கல்யாண வீட்டு வாசல் மாதிரி தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தூசி இல்லை. இருந்திருந்தாலும் தூசி எங்களுடையது இல்லை. அதற்கு வேறு ஆய்வாளர், வேறு ஆபீஸ்.

"வா சார், யாரை வோணா கேட்டுக்க. நம்ம ஆளுங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு நகரவில்லை. எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டார். வருஷக்கணக்காக வடக்கத்தி ஆட்களை மேய்த்தவர். என்னைவிட அவருக்கு இந்தி அதிகம்.

அந்த மனிதர் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். இமை மயிரெல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் பரீட்சை இந்தியில் தங்கள் பிறந்த பூமி யாது என்கிற தோரணையில் கேட்டேன். நேபாளம் என்றார். கோரக்பூர் பக்கமாக இருக்குமோ என்றேன். அவர் மிரண்டுபோனார். ரயிலில் கோரக்பூரைத் தாண்டி வந்ததுண்டு, ஊர் நேபாளம்தான் என்றார். யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். கண்ணால் ஜாடை காட்டினேன். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன செய்வது? என் ஜாடையைப் பார்த்து, சர்க்கார் ஆள் தன்னைப் பொய்யன் என்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இருமலுக்கு நடுவே, நேபாளம், நேபாளம் என்று சத்தியம் செய்தார். கேள்வியை மாற்ற மாற்ற அவர் நேர்மை கூடிக்கொண்டே போனது.

"அதான் சொல்றான்ல சார். ஃபாரின் ஆளு. உன் சட்டத்துல வரமாட்டான்" என்றார் மேஸ்திரி.

ஆய்வாளர் பேனாவை மூடினார். அப்புறம் அதிகாரத்தை விட்டுவிட்டு, முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், அனுப்பிவிடேன் என்று கேட்டுப் பார்த்தார்.

"அனுப்பிடறேன் சார். பதிலுக்கு ஒர்த்தன் வரட்டும். ஆள் கொறஞ்சா மொதலாளி என் கழுத்தைத்தான் புடிப்பாரு."

மழைக்காலம் முடிந்து மறுபடி போனோம். இயந்திரம் நின்றிருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது. அதே நெற்றி, அதே காது, இன்னும் வெள்ளையாகாத இமைகளோடு ஒருவர் முன்னால் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் "கோரக்பூர்" என்றார். அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார், நான் கேட்ட தினுசைத் தம்பி வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

ஆய்வாளருக்கு முகம் மலர்ந்தது. "கேளு, கேளு" என்றபடி பேனாவைத் திறந்தார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டேன். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். இல்லை என்றார். ஊருக்குப் போக வேண்டுமா? இப்போதுதானே வந்தேன் என்றார். இதுவும் பாடமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்தவர் வேறு. சட்டத்துக்குள் ஒரு மனிதர் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டார், கேட்பதற்குத்தான் அவரிடம் எதுவும் இல்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அது ஆய்வில் சேராத கேள்வி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு மலை ஏற வேண்டும், அண்ணனால் ஏற முடியவில்லை, கீழேயே ஒரு கடைக்காரர் வீட்டில் படுத்திருப்பதாகக் கடிதம் வந்தது என்றார். ஆய்வாளர் என்னவாம் என்றார். சொன்னேன். படிவத்தில் எழுத இடமில்லாததால் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது டீச்சர் தன் வீட்டு கேட்டில் நின்றிருந்தார். ஆய்வாளர் மொபெட்டில் எதையோ சரிபார்க்கக் குனிந்துகொண்டதால், நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டுக்கொண்டார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தம்பி இருமுறாரா சார்?"

"இன்னும் இல்லை டீச்சர்."

உள்ளே இயந்திரத்தைப் போட்டார்கள். அவர் மேலும் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.