கேம் சென்சாரும் தலைப்பிரசவமும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அன்னூரில் தங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஆஸ்பத்திரி இருப்பதாக மகளின் மாமியார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க இஷ்டமுங்க. உங்க ஊடு தூரமாச்சேன்னு பாத்தேன்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டாமுத்தூரைத் தாண்டித் தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகளைக் கூட்டி வந்துவிட்டேன். கார் இருக்கிறது என்ற தைரியம்தான்.

அந்தக் கார், அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில் நடுரோட்டில் நின்றது. இருமவில்லை, முனகவில்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது. என் கணவர் சாவியைத் திருகத் திருக எஞ்சின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் இடம் அது. பின் சீட்டில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சூடு ஆறியதும், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

ஊர் மெக்கானிக் வீட்டுக்கு வந்து ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சாருங்க்கா. எஞ்சின் எந்த நெலைல சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாமானம். அது சொல்லலீன்னா எப்ப பெட்ரோல் உடறதுன்னே தெரியாதுங்க" என்று புதிதாக ஒன்றை மாட்டினார். சில நாள் ஓடிய கார், மளிகைக் கடை வாசலில் மறுபடி நின்றது. "மொதல்ல போட்டது டூப்ளிகேட்டா இருக்குமுங்க" என்று இன்னொன்று மாட்டினார். சூடேறியதும் அதுவும் காலை வாரிவிட்டது.

எனக்குத் தூக்கம் போனது. மகள் புரண்டு படுத்தாலே எழுந்து உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா போன் செய்தால் கார் பேச்சையே எடுக்கவில்லை. "ஆம்புலன்ஸ் இருக்குதல்ல" என்று கணவர் சொன்னபோது எரிந்து விழுந்தேன். அது டவுனிலிருந்து கிளம்பி, இந்தத் தோப்புக்குள் வழி கண்டுபிடித்து வருவதற்குள் குழந்தை பிறந்து நடக்கவே தொடங்கிவிடும் என்றேன்.

மறுபடி மெக்கானிக் வந்தபோது ஸ்கேனரை நான் வாங்கிப் பார்த்தேன். பம்பு கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறவள் நான். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. திரையில் 'சென்சார் சர்க்யூட்' என்று இருந்தது. 'சென்சார்' வரைக்கும் படித்துவிட்டு எல்லோரும் கடைக்கு ஓடியிருக்கிறோம்.

"சர்க்யூட்டுன்னா ஒயரும் சேத்தித்தானுங்களே?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க்கா. ஒயரத் தொடவே இல்லீங்க."

எங்கள் டெஸ்டிங்கில் விட்டு விட்டு வரும் கோளாறு என்றால், மோட்டாரை ஓடவிட்டு ஒயரை ஆட்டிப் பார்ப்போம் என்றேன். அதையே செய்யலாம் என்றார் அவரும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டோம். சென்சாரிலிருந்து கிளம்பும் ஒயர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே போனார். எஞ்சினுக்குப் பின்புறம், கை நுழையவே சிரமமான சந்தில் ஆட்டியதும் வண்டி பொக்கென்று அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து ஆட்டினார், மறுபடி அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயரோடு சேர்த்து ஒரு புகையிலைக் கட்டு, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

நாங்கள் இருவரும் என் கணவரைப் பார்த்தோம்.

"எலி ஒயரக் கடிச்சுப்போடுமுன்னுதானுங்க" என்றார் அவர். "அம்மணி பிரசவத்துக்கு வாராளேன்னு நல்லா இறுக்கிக் கட்டிப்போட்டேன்."

புகையிலை வாசத்துக்கு எலி வராது என்று எங்கள் பக்கம் எல்லோரும் வைப்பதுதான். சணலில் கட்டினால் அவிழ்ந்து விழுகிறதென்று இந்த முறை கம்பியில் கட்டியிருக்கிறார். கம்பி ஒயரின் தோலை அறுத்து, சூட்டிலும் அதிர்விலும் உள்ளே இருக்கும் செம்பு எஞ்சின் இரும்பில் பட்டிருக்கிறது. பட்டபோதெல்லாம் சென்சார் சொன்னது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. எலி செய்யாததை இவர் செய்துவிட்டார். திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டார்ச்சை வாங்கி மெக்கானிக்குக்கு வெளிச்சம் காட்டினேன்.

மெக்கானிக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, அறுந்த இடத்தில் ஈயம் பற்றவைத்து டேப் சுற்றினார். மறுபடி சூடேற்றி ஆட்டிப் பார்த்தார். அணையவில்லை. எனக்கு மனம் ஆறவில்லை, இன்னொரு தடவை ஆட்டச் சொன்னேன்.

அப்போது மகள் வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி சரியாயிருச்சுங்களாம்மா?"

"ஆயிருச்சு கண்ணு."

"அப்பக் கெளம்பலாங்களா? காலைல இருந்தே வலிக்குது."

வண்டி கிடக்கிற கிடையில் சொல்லி எங்களைப் பதற வைப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என் பிடிவாதத்துக்கு அவள் பட்ட பாடு இது. ஓடிப்போய் அவளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினேன்.

வழி முழுக்க ஒரு காதில் அவள் முனகல், ஒரு காதில் எஞ்சின் சத்தம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி குலுங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தால் இவர் இன்னும் காருக்குள்ளேயே இருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிப்போட்டு வாங்க" என்றேன்.

அவர் சாவியைத் தொடவில்லை. "வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்கன்னா? நீ போய்க் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் ஓடட்டும்" என்றார்.