சிவப்பு அடித்த நிலம்

அவலூர்பேட்டை சாலையை ஒட்டிய ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் என் வரைபடம் திரையில் தெரிந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. நிலத்தடி நீர் எங்கே குறைகிறது என்று கண்டறிவது என் வேலை. செஞ்சியில் அறை எடுத்துத் தங்கி, கோடை முழுவதும் கிணறுகளை அளந்து, கணினியில் ஏற்றி எடுத்த படம் அது. தண்ணீர் உள்ள இடம் நீலம், வற்றிய இடம் சிவப்பு. ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

விளக்கினேன். யாரும் தலையாட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் திரையைச் செல்போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். இன்னொருவர் என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து ஊரிலும் முதலில் படம்தான் காட்டினார்கள், அப்புறம் நிலத்தை எடுக்கக் கல் நட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

கிழக்கே மணிலாக் கடலை போடும் பெண் ஒருவர் எழுந்து திரையருகே வந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

“செவப்பு அடிச்ச நெலத்த எல்லாம் எடுத்துக்கப் போறீங்களா?”

இல்லை, தண்ணீர் குறைவு என்று காட்டத்தான் அந்த நிறம் என்றேன்.

“எங்கெணத்துல தண்ணி இருக்குது. நீ எப்பம்மா வந்து பாத்த?”

பார்க்கவில்லை. அந்தப் பக்கம் இரண்டு கிணறுகளை மட்டும் அளந்திருந்தேன். மீதி நிலத்தை அவற்றை வைத்துக் கணினியே கணித்து நிரப்பியிருந்தது. கூச்சத்தோடு அதைச் சொன்னேன். சந்தேகம் இன்னும் கூடியது.

அவர் என்னைத் தன் கிணற்றுக்கு அழைத்துப் போனார். பத்துப் பேர் கூட வந்தார்கள். அளவு நாடாவை நான் இறக்கினேன். என் கண்ணை நம்பாமல் அளவை அவர்களே படித்தார்கள். தண்ணீர் நன்றாகவே இருந்தது. அடுத்த கிணறு, படமெடுத்து அனுப்பியவருடையது. அதைத் திறந்துகாட்ட அவர் தயங்கினார். மற்றவர்கள் மூடியிருந்த தகரத்தை விலக்கினார்கள். உள்ளே வெறும் சேறு.

“தண்ணி இல்லன்னு சொன்னா நெலத்த யாரு வாங்குவாங்க?” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அன்று சாயங்காலம்வரை கிணறு கிணறாக நடந்தோம். அடுத்த வாரம் புதுப் படத்தோடு போனேன். அளந்த கிணறுகளை மட்டும் அவரவர் நிலத்தின் சர்வே எண்ணோடு புள்ளிகளாக வைத்து, மற்ற இடத்தை வெள்ளையாக விட்டிருந்தேன். இம்முறை எல்லோரும் நெருங்கி வந்து தங்கள் கிணற்றைத் தேடினார்கள்.

அந்தப் பெண் இந்தப் படம் யாரிடம் போகும் என்று கேட்டார். அலுவலகத்துக்கு என்றேன். அங்கிருந்து எங்கே போகும் என்றார். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

“அப்ப எங்க சர்வே நம்பர எடுத்துடு.”

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எல்லோருடைய சர்வே எண்களையும் அழித்தேன். கடைசி எண் போகும்வரை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.