வாங்கினதும் கீழே வைக்கிற கை

என் வீட்டுக்காரருக்குப் பார்சல் கிடங்கில் வேலை. லாரியிலிருந்து ஒருவர் வீசுவார், இவர் பிடித்து இடது பக்கம் கீழே வைப்பார். வைத்ததைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, அடுத்தது வந்துவிடும். பதினொரு வருஷமாக இதே வேலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சோற்றுத் தட்டைக் கொடுத்தால்கூட வாங்கின வேகத்தில் இடது பக்கம் வைத்துவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டுவார்.

கிடங்குக் கால்பந்து அணியில் இவர்தான் கோல்கீப்பர். போன ஞாயிறு ஒரு பந்தை அழகாகப் பிடித்தார். பிடித்ததும் இடது பக்கம் கீழே வைத்தார். எதிரணிக்காரன் வந்து நோகாமல் உள்ளே தட்டிவிட்டுப் போனான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று கோச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் ஒரு இடத்தில் உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை.

எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் அந்த ஆட்டம் அவருக்கு உயிர், அதுவும் தெரியும். தினமும் கூடத்தில் நிற்க வைத்துத் தலையணையை எறிந்தேன்.

"நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க."

முதல் இரண்டு நாள் தலையணை தரைக்குத்தான் போனது. மூன்றாம் நாள் கையில் நின்றது. வெள்ளிக்கிழமை பால் பொங்குகிறதென்று நடுவில் ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் தலையணையோடு அப்படியே நிற்கிறார். சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிறு ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் முன்னால். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து வந்தது. பாய்ந்து பிடித்தார், நெஞ்சோடு அணைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பந்தை விடவேயில்லை. எல்லோரும் "உதைடா, உதைடா" என்று கத்துகிறார்கள், இவர் கூட்டத்தில் என்னைத் தேடுகிறார். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தது தப்பென்று நடுவர் விசில் ஊதி, கோலுக்குப் பக்கத்திலேயே பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்.

செருப்பைக்கூட விட்டுவிட்டுக் கோலுக்குப் பின்னால் ஓடினேன். ஒருவன் தட்டிவிட, இன்னொருவன் ஓங்கி உதைத்தான். பிடித்தார், அணைத்தார்.

"போதும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பந்து மறுபாதிக்குப் பறந்தது.

கடைசி நிமிஷத்தில் வந்த இன்னொரு பந்தையும் பிடித்தார், அதோடு ஆட்டம் முடிந்தது. கோச் நேராக என்னிடம் வந்தார். "அவன் இடம் அவனுக்குத்தான். ஆனா ஒவ்வொரு ஞாயிறும் நீங்க இங்கேயே வந்து நிக்கணும்மா."

வாரத்தில் எனக்கு இருக்கிற ஒரே லீவு அது. அவரைப் பார்த்தேன். நான் ஏதாவது சொல்லட்டும் என்று பந்தை இன்னும் அணைத்தபடியே நின்றார்.